பேச்சு எழுதுகிறவன் அந்தப் படத்தில் எங்கே?

தொண்டித் தம்பி ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 8

மேடைப் பேச்சு எழுதுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னதால் ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ பார்த்தேன். நல்ல படம்தான். ஆனால் அது திக்குவாய் உள்ள இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ், அவருக்குப் பயிற்சி கொடுக்கிற ஓர் ஆள், இவர்கள் இருவரின் கதை. பேச்சை எழுதியவன் யார் என்றே காட்டவில்லை. கடைசியில் தட்டச்சு செய்த தாளைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். எழுதுகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது? எனக்கு ஒன்றும் தென்படவில்லை. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, இரவு 11.10

மறுக்கிறேன். மண்டபம் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, போஸ்டர், அப்புறம் பேச்சு. பேச்சுக்குத் தனிக் காசு கிடையாது, டீயோடு சரி. பதினாறு வருஷமாக எழுதுகிறேன்.

தம்பி, எழுதியவனைக் காட்டவில்லை, ஆனால் தாளைக் காட்டுகிறார்கள். அந்தத் தாள் வந்து சேர்ந்த பிறகு, பயிற்சி கொடுக்கிற அந்த லயனல் லோக் அதை என்ன பாடு படுத்துகிறார் என்று மறுபடி பார். அங்கங்கே கோடு. இங்கே மூச்சு, இங்கே நிறுத்து. நிஜ வாழ்க்கையிலும் அவர் அப்படித்தான் செய்தார். அரசர் தடுக்கி விழக்கூடிய சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் வைப்பார், நிறுத்த வேண்டிய இடத்தில் குறி போடுவார். கேட்டால் பயிற்சி என்பார்கள். எழுதுகிறவன் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. செய்யாததால் இன்னொருத்தர் உட்கார்ந்து செய்கிறார்.

1939 செப்டம்பர் 3, போர் அறிவிப்பு வானொலிப் பேச்சு. மொத்தம் சுமார் 400 சொல். அதைச் சொல்ல அரசர் எடுத்துக்கொண்டது ஐந்து நிமிடத்துக்கும் மேல். அந்த வேகத்தில் உன் கல்லூரிப் பேச்சு ஒன்றைச் சத்தமாகப் படித்துப் பார். தூக்கம் வராது, பயம் வரும். சிம்மாசனம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் லோக்கிடம் போனார், மூன்று நாலு வருஷத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பது தனி ஆச்சரியம்.

பிப்ரவரி 9, காலை

நேற்று பெரிய மனுஷன் மாதிரி எழுதிவிட்டேன். நான் கெடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம். கடற்கரையில் மேடை. ஒரு விசைப்படகு சங்கத் தலைவர் பேச வேண்டும். அறுபதைத் தொட்ட சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். முதல் நாள் சாயங்காலம் கடைக்கு வந்து, “தம்பி, பத்து நிமிஷம் பேசுற மாதிரி எழுதிக் குடு” என்றார். அதற்கே கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் பேசும்போது சில சொல் நின்று நின்று வரும். பத்து வருஷமாகத் தெரிந்த ஆள். ஆனால் எழுத உட்கார்ந்தபோது அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. என் ஞாபகத்தில் இருந்தது நான்தான். எடுப்பு எப்படி என்றால்:

“பாக் நீரிணையில் பரம்பரை பரம்பரையாகப் பாடுபடும் பாசமிகு மீனவப் பெருமக்களே!”

டைப் அடித்துவிட்டு நானே ஒரு தடவை ரசித்துக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் மைக் முன்னால் நின்றார். “பா” என்று உதட்டை மூடினார். உதடு திறக்கவில்லை. கழுத்து நரம்பு தெரிகிறது, கண் என்னைத் தேடுகிறது, சத்தம் வரவில்லை. மைக் போச்சு என்று நினைத்த மைக் செட் பையன் மேடை ஏறி, அவர் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, மைக்கைத் தட்டி, “ஹலோ, ஹலோ” என்றான். நன்றாகவே கேட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் எப்படியோ அந்த வரியைத் தாண்டினார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பும்போது கச்சான் காற்று மூன்றாவது பக்கத்தைக் கொண்டுபோனது. நான் குண்டூசி குத்தவில்லை. நன்றி வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

படத்தின் தொடக்கத்தில் 1925இல் வெம்ப்ளி மைதானத்தில் இளவரசர் நின்று தவிக்கிற காட்சியில் ஒலிபெருக்கி எதிரொலி திரும்பி வரும், பார்த்தாயா? இங்கே ஊர்க்கோடி வரை கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகள். தன் குரலே அரை நொடி தாமதமாகக் காதில் விழுந்தால் திக்காதவனுக்கே நாக்குத் தடுமாறும்.

பிப்ரவரி 9, மதியம்

மூன்று நாலு வருஷம் என்று நான் எழுதியதை இங்கே எழுதுகிற கீழக்கரை சார் திருத்தியிருக்கிறார், சரிதான். படம் காலத்தைச் சுருக்கிவிட்டது. நிஜத்தில் அவர் லோக்கிடம் முதன்முதலில் போனது 1926 அக்டோபரில். 1927 மே 9இல் கான்பராவில் நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்துவைத்துப் பேசியும்விட்டார். ஆக 1939 பேச்சுக்குப் பின்னால் இருப்பது மூன்று நாலு வருஷம் இல்லை, பதின்மூன்று வருஷம். நான் அண்ணனுக்குக் கொடுத்தது ஒரு ராத்திரி.

பிப்ரவரி 10, இரவு

கடையில் கூட்டம் இல்லை, அந்த எடுப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் படத்தில் வராத, நமக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. மோனை.

மேடைத் தமிழ் என்றாலே அடுக்குமொழி. அடுக்குமொழி என்றாலே சொல்லுக்குச் சொல் முதலெழுத்து ஒன்றாக வர வேண்டும். திக்குகிறவருக்கோ பெரும்பாலும் முதலெழுத்தில்தான் முட்டும். அண்ணனுக்கு ப, க இரண்டும் எமன். நான் ஆறு ‘ப’வை வரிசையாகக் கட்டி, “அண்ணே, தாண்டுங்க” என்று சொல்லியிருக்கிறேன். ஆறையும் தாண்டுவதற்குள் வேறு ஆள் இரண்டு பக்கம் பேசி முடித்திருப்பார்.

எதுகை அப்படி இல்லை. இரண்டாம் எழுத்துதான் ஒன்ற வேண்டும், முதலெழுத்து நம் இஷ்டம். “அலை பார்த்தோம், வலை போட்டோம், விலைதான் கிடைக்கவில்லை.” அ, வ, வி. வாய் மூடி நிற்கிற எழுத்து முதலில் இல்லை. காதுக்கும் சந்தம் குறையவில்லை. இதை அன்றைக்கே எழுதியிருக்கலாம்.

பிப்ரவரி 11

கீழக்கரை சார் கோபமாக இருக்கிறார். மோனையை எடுத்துவிட்டால் தமிழ் மேடையே இல்லை, ஓர் ஆளுக்காக மரபை மாற்ற முடியுமா என்கிறார். சார், மரபை மாற்றவில்லை, ஓர் ஆளுக்கான பேச்சை மாற்றுகிறேன். நன்றாகப் பேசுகிறவருக்கு மோனை பிடிமானம், ஒரு சொல் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்துக் கூட்டிவரும், தாளே வேண்டாம். உங்களுக்கு எழுதினால் மோனையாகவே எழுதுகிறேன். ஒரு டீ.

பிப்ரவரி 14

தொண்டித் தம்பி கூழாங்கல் பற்றிக் கேட்டிருக்கிறார். படத்தில் ஒரு வைத்தியர் வாய் நிறையக் கண்ணாடிக் கோலிக்குண்டைப் போட்டுப் பேசச் சொல்வாரே, அது பழைய கிரேக்கத்துப் பேச்சாளர் டெமாஸ்தெனீஸ் வழி. அவர் வாயில் கூழாங்கல் வைத்துப் பேசிப் பழகினார், அலைச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பிப் பழகினார் என்று பழைய கதை. அண்ணனிடம் சொன்னேன். “எந்தக் கடல்லடா?” என்றார். நியாயமான கேள்வி. பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், குளம் மாதிரிக் கிடக்கும், அதோடு போட்டி போட்டு ஒரு குரலும் வளராது. தனுஷ்கோடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் திரும்பி நின்றால் ஆண் கடல். டெமாஸ்தெனீஸ் நம் ஊரில் பிறந்திருந்தால் பஸ் ஏறித் தனுஷ்கோடி போயிருக்க வேண்டும்.

கூழாங்கல் அங்கேயும் கிடையாது. மணலும் சிப்பியும்தான்.

பிப்ரவரி 20

ஒருத்தருடைய குறையை இப்படிப் பொதுவில் எழுதலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் சங்கமும் வேண்டாம், மற்றது எழுதிக்கொள் என்றார் அண்ணன்.

இதிலும் படத்துக்கு ஒரு பின்கதை இருக்கிறது. திரைக்கதை எழுதிய டேவிட் சைட்லர் சின்ன வயதில் திக்கியவர். கதையை எழுத அரசரின் மனைவியிடம், அதாவது எலிசபெத் ராணியின் தாயாரிடம், அனுமதி கேட்டார். என் காலத்துக்குப் பிறகு எழுதுங்கள் என்று பதில் வந்தது. அந்த அம்மா 2002இல் தமது 101ஆவது வயதில்தான் காலமானார். படம் 2010இல் வந்து, 2011இல் அவர் ஆஸ்கர் வாங்கியபோது அவருக்கு 73 வயது. எங்கள் அண்ணன் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அனுமதி கொடுத்துவிட்டார்.

மார்ச் 1, இரவு

இதைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

இன்று காலை அண்ணன் தன் போட்டைப் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். போட்டு கொஞ்சம் தள்ளி நங்கூரத்தில் நின்றது. கரையிலிருந்து வல்லம் என்கிற சின்னப் படகில் போனோம், பழைய டீசல் இஞ்சின். கிளப்பியதும் டப டப டபவென்று காதை அடைத்தது. அண்ணன் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். கத்தித்தான் பேச வேண்டும், வேறு வழி இல்லை.

“எங்கப்பா தனுஷ்கோடிக்காரரு. அறுபத்து நாலு டிசம்பர், புயல் அடிச்ச ராத்திரி, பாம்பன்ல இருந்து வந்த ரயில் தண்ணிக்குள்ள போச்சுல்ல, அதே ராத்திரி. எங்கம்மா வயித்துல நானு. விடிஞ்சு பார்த்தா வீடும் இல்ல, வலையும் இல்ல. பாம்பனுக்கு வந்து சேரும்போது எங்கப்பா கையில ஒரு தொடுப்பு மட்டும்தான் இருந்துச்சாம். படகே இல்ல, தொடுப்ப எதுக்கு மாமா தூக்கிட்டு வர்றீகன்னு எங்கம்மா கேட்டாகளாம்.”

அப்பா, பாம்பன், பார்த்தா, படகு. ஒன்றிலும் நிற்கவில்லை. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டுக்குப் பக்கத்தில் போனதும் இஞ்சினை நிறுத்தினார். கடல் அமைதி. “கயித்தப்…” என்று ஆரம்பித்து ‘பிடி’யில் நின்றுவிட்டார். கையால் காட்டினார். நான் கயிற்றைப் பிடித்தேன்.

படத்தில் இதே காட்சி இருக்கிறது, ஆனால் மூன்று தடவை பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. லோக் ஹெட்போனை மாட்டி உரக்க இசையைப் போட்டுவிட்டு ஷேக்ஸ்பியர் வசனத்தைப் படிக்கச் சொல்வார். தன் குரல் தனக்கே கேட்காது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் இளவரசர். பிறகு ஒருநாள் அந்த ஒலித்தட்டைப் போட்டுக் கேட்டால் தங்கு தடையில்லாமல் ஓடும். நமக்கு ஒலித்தட்டு டீசலில் ஓடுகிறது.

திரும்பும்போது போனில் பதிவு செய்துகொண்டேன். பாதிக்கு மேல் இஞ்சின் சத்தம்தான். கடையில் உட்கார்ந்து நாலு மணி நேரம் திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதினேன். தொடுப்பு என்பதைத் துடுப்பு என்று முதலில் திருத்தினேன், பிறகு அழித்துவிட்டுத் தொடுப்பு என்றே அடித்தேன்.

மார்ச் 2

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டரை வைத்துவிட்டால் போதுமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், நானும் அதைத்தான் யோசித்தேன். மைக் செட்காரர் முறைத்தார். சத்தம் இருக்கிறவரைக்கும்தான் அந்த வேலை நடக்கும், சத்தம் நின்றால் பழைய கதை. அது வைத்தியம் இல்லை. எல்லாருக்கும் நடக்கும் என்றும் இல்லை. எனக்கு அதனால் கிடைத்த லாபம் வேறு: அந்த ஆள் தடையில்லாமல் பேசினால் எந்தச் சொல்லில் பேசுவார், எங்கே மூச்சு விடுவார் என்பது முதல் தடவையாகத் தெரிந்தது. அதில் ஒரு இடத்தில்கூடப் பெருமக்களே இல்லை.

மார்ச் 6

இப்போது பெரிய முள். சொல்லை மாற்றலாம், ஊர்ப் பெயரை எப்படி மாற்றுவது? இந்தக் கரையில் ஒரு சங்கத் தலைவர் கச்சத்தீவு என்ற சொல் இல்லாமல் பேசி இறங்க முடியுமா? 1974 ஒப்பந்தம், 1976 ஒப்பந்தம், இரண்டையும் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். க-வில் தொடங்குகிற சொல். அது தவிர தங்கச்சிமடம், பாம்பன், கீழக்கரை என்று பெயர் வைத்த முன்னோர்கள் அண்ணனைப் பற்றி யோசிக்கவே இல்லை.

படத்தில் அரசருக்கு ‘ப’ வருகிற சொல்லுக்கு முன்னால் மெல்லிய ‘அ’ ஒன்றை வைத்து, அதிலிருந்து துள்ளிப் போகச் சொல்வார் லோக். நாம் அப்படிப் பொய் எழுத்து சேர்க்க வேண்டியதே இல்லை. தமிழில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். “கச்சத்தீவு 1974இல் கைவிட்டுப் போனது” என்று எழுதாதே. முன்னால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை வைத்து, “அந்தக் கச்சத்தீவு” என்று எழுது. ஓடிவந்து தாண்டுகிற மாதிரி.

மார்ச் 8

மேலே எழுதியதில் பாதி தப்பு. அண்ணனைச் சொல்லச் சொல்லிப் பார்த்தேன். “அந்தக்” வரை வந்து அங்கேயே நின்றுவிட்டார். ஒற்று மிகுந்ததால் நாக்கு ஏற்கெனவே க்-இல் ஒட்டிவிடுகிறது, முள் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. “நம்ம கச்சத்தீவு” என்று மாற்றினோம். ‘ம’வில் வாய் திறந்து முடிகிறது, அப்படியே போய்விட்டது. நாலு தடவை சொன்னார், மூன்று தடவை சுத்தம். இலக்கணம் தெரிந்தவன் ஒற்றுப் போடும் இடத்தைப் பார்ப்பான், நான் இனிமேல் ஒற்றுப் போடாத இடத்தைத் தேட வேண்டும்.

இன்னொன்று. வருஷா வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போகிறவர் அவர். கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து ஜெபமாலை சொல்லும்போது ஒரு தடவைகூடத் திக்கியதில்லை என்று அண்ணி சொன்னார்கள். கூட்டாகச் சொன்னால் வருகிறது. இதை எங்கே சொருகுவது என்று தெரியவில்லை, எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15

பாம்பன் குந்துகால் பக்கம் ஒரு வேலையாகப் போனேன், விவேகானந்தர் நினைவிடம். 1897 ஜனவரி 26 அவர் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய இடம். அவரை அமெரிக்கா போகத் தூண்டிய பாஸ்கர சேதுபதி வந்து வரவேற்றார். வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டு ராஜாவும் சேர்ந்து இழுத்தார் என்பது தெரிந்த கதை. நான் அங்கே நின்று யோசித்தது வேறு. பாம்பன், ராமேஸ்வரம், ராமநாதபுரம், பரமக்குடி என்று ஊருக்கு ஊர் வரவேற்பு மடல் வாசித்தார்கள். அந்த மடல்களை எழுதியவர்கள் என் ஜாதி, ஜெராக்ஸ் கடை மட்டும் அன்றைக்கு இல்லை. அதில் ஒரு வரியாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? சுவாமி பதிலாகப் பேசியதுதான் நிற்கிறது.

ராமேஸ்வரம் கோயிலில் அவர் ஆங்கிலத்தில் பேசப் பேசப் பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். மொழிபெயர்ப்பவர் பக்கத்தில் நின்றால் நீ வாக்கியத்தை இழுக்க முடியாது. அவர் நினைவில் தாங்குகிற அளவுக்குச் சொல்லி நிறுத்தித்தான் ஆக வேண்டும். அப்போது கூட்டத்துக்கும் மூச்சு, பேசுகிறவருக்கும் மூச்சு. அண்ணனுக்கு எழுதும்போது பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். முதல் வரைவு 1,100 சொல் இருந்தது. இப்போது 480.

மார்ச் 16

தூங்கப்போகும்போது பிடிபட்டது, மார்ச் 8 குறிப்பில் விட்ட விஷயம். நம்ம ஊர் அப்துல் கலாம் மாணவர் கூட்டங்களில் உறுதிமொழி சொல்லவைப்பாரே, ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்த, மொத்தக் கூட்டமும் திருப்பிச் சொல்லுமே. சின்ன வயதில் அதை டிவியில் பார்க்கும்போது பள்ளிக்கூடத்துப் பிரேயர் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன். இப்போது தோன்றுகிறது, கூட்டம் சொல்கிற நேரமெல்லாம் பேசுகிறவருக்கு ஓய்வு, சேர்ந்தே சொன்னால் துணை. அண்ணன் பேச்சின் நடுவில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற மாதிரி ஒரு வரி வைக்கிறேன். அலை, வலை, விலை வரியே போதும்.

மார்ச் 28

கொஞ்சம் கசப்பாக ஒன்று. படத்தில் அரசர் குடும்பத்தோடு உட்கார்ந்து செய்திப்படம் பார்க்கும்போது ஹிட்லர் பேச்சு வரும். அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று மகள் கேட்பாள். தெரியவில்லை, ஆனால் நன்றாகச் சொல்கிறார் என்பார் அப்பா. தியேட்டரில் இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் எழுதிக் கொடுத்து, தடங்கல் இல்லாமல் பேசிக் கைதட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்! அதில் இரண்டு பேர் பேசியதில் ஒரு சொல்லைக்கூட அவர்களே நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். பேச்சு மட்டும் தேன். அண்ணன் நம்புகிறார், வாய் வரவில்லை.

அதற்காகத் திக்கினால்தான் உண்மை என்று கிளம்பிவிட வேண்டாம். சர்ச்சிலையே எடுத்துக்கொள். படம் அவரை ஆரம்பத்திலிருந்தே இந்த அரசர் பக்கம் நிற்கிறவராகக் காட்டுகிறது. நிஜத்தில் அண்ணன்காரர் எட்டாம் எட்வர்ட் முடி துறக்கும் சமயத்தில் சர்ச்சில் அவர் பக்கம்தான் பேசினார். அதுவும் அருமையாகப் பேசுகிற வாய்தான்.

ஏப்ரல் 10

நாளை மறுநாள் கூட்டம். 15ஆம் தேதியிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதற்கு முன்னால் எல்லாச் சங்கமும் கூடுகிறது.

தாள் விஷயம். எழுத்து 22 புள்ளி. ஒரு பக்கத்தில் பன்னிரண்டு வரிக்கு மேல் இல்லை. வாக்கியம் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது. நிறுத்தத்துக்கு ஒரு கோடு, நீண்ட நிறுத்தத்துக்கு இரண்டு. காற்றில் பறக்கக் கூடாது, மைக்கில் சரசரக்கக் கூடாது, அதனால் கெட்டி அட்டையில் ஒட்டினேன். கடையில் மிஞ்சிக் கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டைதான் அளவாக இருந்தது. ஒட்டிக் காய்ந்த பிறகுதான் கவனித்தேன், அண்ணன் அட்டையைத் தூக்கிப் பிடித்தால் எதிரே இருக்கிறவர்களுக்குத் தங்க எழுத்தில் பிள்ளையார் தெரிவார். அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அண்ணன் சொல்லிவிட்டார். இருந்தாலும் பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டேன்.

“அதாவது பாருங்க” என்று அவர் பேச்சில் அடிக்கொரு தடவை வரும். எல்லாவற்றையும் எடுத்திருந்தேன், இரண்டைத் திருப்பிப் போட்டேன். படத்தின் முடிவில், இன்னும் ஒரு எழுத்தில் தடுக்கினீர்களே என்று லோக் கேட்க, நான்தான் பேசினேன் என்று தெரிய வேண்டாமா என்பார் அரசர். அது கற்பனை இல்லை. லோக்கின் நாட்குறிப்பில் இருக்கிறது, ஆனால் 1939 பேச்சைப் பற்றி இல்லை, 1944இல் பேசிய ஒன்றைப் பற்றி. படம் முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டது. நல்ல இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 12, இரவு 12 தாண்டிவிட்டது

பேசினார்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்று தொடங்கினார். பெருமக்கள் இல்லை. “அதாவது பாருங்க.” இரண்டு கோடு போட்ட இடத்தில் நிறுத்தினார். நான் போட்டதைவிட நீளமாக நிறுத்தினார், கூட்டத்தில் விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட அடங்கினார்கள். மைக் செட் பையன் எழுந்தான், நான் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். நம்ம கச்சத்தீவு வந்தது. அலை, வலை சொன்னதும் கூட்டமே விலையைச் சொன்னது, நான் இரண்டாவது தடவைதான் சேருவார்கள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அட்டையைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. தனுஷ்கோடியிலிருந்து அவர் அப்பா வந்த கதை மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது, நான் பதிவிலிருந்து அப்படியே எழுதியது. அதைப் பார்க்காமல் சொன்னார். தொடுப்பு வரை வந்தார். “ப…” நின்றது. இஞ்சின் இல்லை. ஒரு கூட்டமே காத்திருந்தது, ஒருத்தரும் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. “படகே இல்ல” என்று முடித்தார். அந்த இடத்தில் நான் நிறுத்தக் கோடு போடவில்லை. போட்டிருந்தால் இவ்வளவு நீளமாகப் போட எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

சாராயம் எல்லாம் இல்லை, வெறும் டீதான் குடித்தோம், கைதான் நடுங்குகிறது.

ஏப்ரல் 13

தொண்டித் தம்பி, பேச்சின் பிரதி கேட்கிறாய். அனுப்புகிறேன், ஆனால் நீ படித்தால் உப்புச் சப்பில்லாமல் இருக்கும். ப-வும் க-வும் உனக்கு எதிரி இல்லையே. கீழக்கரை சார், மோனை ஒன்றுகூட இல்லையா என்கிறீர்கள். ஒன்று இருக்கிறது, தேடுங்கள்.

ஏப்ரல் 15

தடைக்காலம் தொடங்கிவிட்டது, கரையெல்லாம் போட்டு நிற்கிறது. காலையில் அண்ணன் கடைக்கு வந்தார். மூன்றாவது பக்க அட்டையை நீட்டி, “இத ஒரு ஜெராக்ஸ் போடு தம்பி” என்றார். சட்டகம் போட்டு வீட்டில் மாட்டப்போகிறாரோ என்று எனக்குக் குளிர்ந்துபோய்விட்டது. நல்ல தாளாக எடுத்து, எழுத்துப் பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.

“அந்தப் பக்கம் இல்லடா, இந்தப் பக்கம்.”

பிள்ளையாரை மறைக்க நான் ஒட்டிய வெள்ளைத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் ஐஸ் கணக்கு எழுதியிருந்தார். கம்பெனிக்காரர் கேட்கிறாராம். இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.